இடக்கை சொல்ல, பெட்டி வாசிக்கும்

பாளையங்கோட்டையில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். கொடைக்காலம் தொடங்கிவிட்டால் சுற்றுவட்டார அம்மன் கோயில் மேடைகளில் மெல்லிசைக் கச்சேரிக்கும் வாசிக்கிறேன். இரண்டு வேலைக்கும் ஒரே பெட்டிதான்: யமஹா டைரோஸ் 4. 2010-இல் வெளிவந்த மாடல். நெடுநாள் உழைத்துவிட்டது, இனி அடுத்ததைப் பார்க்க வேண்டும். இன்று என் எதிரே நிற்பவை இரண்டு. ஒன்று, 2023 கடைசியில் வந்த யமஹா ஜெனோஸ் 2. மற்றது, 2022-இல் வந்த கோர்க் பிஏ 5எக்ஸ். இரண்டும் லட்சங்களில் விலை. "இன்னும் என்ன யோசிக்கீய அண்ணாச்சி? பேசாம கோர்க்குக்கு மாறிருங்க" என்கிறான் எங்கள் குழுவில் பேட் வாசிக்கும் தம்பி.

எதில் எத்தனை டோன், எத்தனை ஸ்டைல், திரை எவ்வளவு அகலம் என்ற கணக்கை ஒரே மாலையில் பார்த்து முடித்துவிடலாம். அந்தக் கணக்கு எனக்குப் போதவில்லை. இந்த வாத்தியம் எங்கே பிறந்தது, யார் யார் கைவழியாக இந்த மேடைவரை வந்தது என்று தேடிப் படித்தபிறகுதான் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதே எனக்குப் பிடிபட்டது.

வாத்தியம் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அரேஞ்சர் கீபோர்டில் இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்டிரிங்ஸ் எல்லாம் அந்தக் கார்டுக்கு ஏற்றபடி தாமாகவே வாசிக்கும். வலது கை பாட்டை வாசிக்கும். அப்படி வாசிக்கப்படும் தாளக்கட்டுக்கு 'ஸ்டைல்' என்று பெயர். ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் இன்ட்ரோ உண்டு, பல்லவிக்கும் சரணத்துக்கும் ஏற்ற மாறுதல்கள் உண்டு, நடுவில் போடும் பில் உண்டு, முடித்து வைக்கும் எண்டிங் உண்டு. இதெல்லாம் கம்ப்யூட்டர் காலத்துச் சங்கதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இடக்கை ஒரு சொல் சொன்னால் முழுச் சுருதிக்கூட்டமும் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசை மின்சாரத்துக்கு மூத்தது.

துருத்தியிலிருந்து

1829-இல் வியன்னா நகரில் சிரில் டெமியான் என்பவர் கையடக்கமான ஒரு துருத்தி வாத்தியத்துக்குக் காப்புரிமை பெற்றார். காற்றுப் பட்டு உலோக ரீடுகள் அதிரும் வாத்தியம். அதில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்வரத்துக்குப் பதில் ஒரு முழுக் கார்டே ஒலித்தது. அக்கார்டியனின் தொடக்கம் அது. 1842-இல் பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபேன் அதே ரீடு முறையில் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆர்மோனியத்தைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி 1875 வாக்கில் கல்கத்தாவில் மாற்றியமைத்தவர் துவாரகாநாத் கோஷ். எங்கள் ஊர்க் கோயில்களில் கீர்த்தனைகளுக்குத் துணைநின்ற ஆர்மோனியமும் ஐரோப்பியத் திருமண வீடுகளில் ஆடவைத்த அக்கார்டியனும் ஒரே வம்சம்.

இத்தாலியின் கிழக்குக் கடலோரத்தில் மார்க்கே என்றொரு பிராந்தியம். அங்கே குன்றின்மேல் உள்ள சிற்றூர் காஸ்டெல்பிதார்தோ. 1863-இல் லொரெத்தோ மாதா திருத்தலத்துக்குப் போய்த் திரும்பிய ஆஸ்திரிய யாத்ரீகர் ஒருவர், இரவு தங்கிய விவசாயியின் வீட்டில் ஓர் அக்கார்டியனை விட்டுச் சென்றதாகவும், அந்த வீட்டுப் பிள்ளை பாவ்லோ சொப்ரானி அதைப் பிரித்துப் பார்த்துத் தானே செய்யக் கற்றுக்கொண்டதாகவும் ஊரார் சொல்கிறார்கள். கதை எப்படியோ, அந்த வட்டாரம் உலகத்துக்கே அக்கார்டியன் செய்து அனுப்பும் பட்டறையாக வளர்ந்தது உண்மை.

இத்தாலியின் வடக்கே ஸ்ட்ராதெல்லா என்ற ஊரின் பெயரால் வழங்கும் இடக்கைப் பொத்தான் முறைதான் என் தொழிலுக்கு மூலம். பெரிய அக்கார்டியனில் இடக்கைக்கு 120 பொத்தான்கள், ஆறு வரிசை, வரிசைக்கு இருபது. இரண்டு வரிசை பேஸ் ஸ்வரங்களுக்கு. மற்ற நான்கும் மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்டு கார்டுகளுக்கு. பேஸ் பொத்தானை முதல் அடியில், கார்டு பொத்தானை அடுத்த அடிகளில் தொட்டால் வால்ட்ஸ் நடக்கும், போல்கா ஓடும். ஒரே மனிதன் மெலடி, பேஸ், கார்டு, தாளம் நான்கையும் தோளில் சுமந்துகொண்டு ஒரு கல்யாண வீட்டை நடத்திவிடுவான். அரேஞ்சர் கீபோர்டு இன்றும் செய்வது இதைத்தான்.

மலை தாண்டிய ஆர்கன்

அதே ரீடு ஜப்பானில் வேறு பாதை பிடித்தது. 1887-இல் ஹமாமட்சு ஊர்த் தொடக்கப் பள்ளியில் பழுதாகிக் கிடந்த அமெரிக்க ரீடு ஆர்கனைச் சரிசெய்ய மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொரகுசு யமஹா என்பவரை அழைத்தார்கள். பழுது பார்த்தவர், இதை நாமே செய்யலாமே என்று ஒன்றைச் செய்தார். அதை இன்னொருவரோடு சேர்ந்து தோளில் காவடியாகத் தூக்கிக்கொண்டு ஹக்கோனே மலை தாண்டி டோக்கியோ இசைக் கழகத்துக்கு நடந்தார். அங்கே, செய்நேர்த்தி சரி, சுருதி சரியில்லை என்றார்கள். அவர் அங்கேயே தங்கிச் சுருதிக் கணக்கைப் படித்துவிட்டுத் திரும்பிப்போய் மறுபடி செய்தார். 1897-இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய யமஹா. 1954-இல் இசைப் பள்ளி, 1959-இல் எலக்டோன் என்ற மின் ஆர்கன். பள்ளிக்கூடமும் சுருதிச் சுத்தமும் இந்த வீட்டின் அடித்தளம். பாமாலை வாசிக்கும் எனக்கு இந்தக் கதை மிக நெருக்கம். எங்கள் கோயில்களிலும் ரீடு ஆர்கனின் முதல் வேலை சபையாரைச் சுருதியில் நிறுத்துவதுதான்.

இடையில் அமெரிக்கா இரண்டு படிகளைச் சேர்த்தது. 1950-இல் ஹாமண்ட் நிறுவனம் கார்டு ஆர்கன் என்ற ஒன்றை விற்றது. இடக்கைக்கு 96 பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. அக்கார்டியனின் இடப்பக்கத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தது போன்ற ஏற்பாடு. 1959-இல் வர்லிட்ஸர் நிறுவனம் சைடுமேன் என்ற தாளப் பெட்டியைக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு தட்டு சுழலும். அதன் தொடுமுனைகள் பட்ட இடத்திலெல்லாம் வால்வுகள் டிரம்ஸ் ஒலியை எழுப்பும். கார்டு ஒரு பெட்டியில், தாளம் இன்னொரு பெட்டியில் தயாராகிவிட்டது. இரண்டையும் கட்டிவைக்க ஆள்தான் வரவேண்டியிருந்தது.

ஷின்ஜுகுவின் இரவு விடுதி

டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் சுதோமு கட்டோ ஓர் இரவு விடுதி நடத்தினார். அங்கே அக்கார்டியன் வாசித்தவர் ததாஷி ஒசனாய், படித்த பொறியியல் மூளை. துணைக்கு அந்த வர்லிட்ஸர் தாளப் பெட்டியை வைத்துக்கொண்டு வாசித்தவருக்கு அது போதவில்லை. நான் செய்தால் இதைவிட நன்றாகச் செய்வேன், பணம் போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டார். கட்டோ போட்டார். 1963-இல் டோன்காமாட்டிக் என்ற தாளப் பெட்டி வந்தது. அந்தச் சிறு பட்டறைதான் பின்னால் கோர்க் ஆயிற்று. யமஹாவின் வேரில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதுபோல கோர்க்கின் வேரில் ஒரு கச்சேரி மேடை இருக்கிறது. அந்த மேடையில் தனியாக நின்றவன் ஒரு அக்கார்டியன்காரன்.

ஓசாகாவில் இகுதாரோ ககேஹாஷி அதே காலத்தில் ஏஸ் என்ற நிறுவனம் வைத்திருந்தார். 1967-இல் அவர் செய்த ரிதம் ஏஸில் 16 தாளங்கள் தயாராக இருந்தன. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் இரண்டு தாளமும் கலந்து புதிய ஒன்று பிறக்கும். ஹாமண்ட் அதைத் தன் ஆர்கன்களோடு சேர்த்துக்கொண்டது. 1972-இல் அவர் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். எழுபதுகளின் வீட்டு ஆர்கன்களில் பேஸும் கார்டும் தாளமும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு ஓடத் தொடங்கின. அரேஞ்சரின் எலும்புக்கூடு அங்கே முழுமையாகிவிட்டது.

எண்பதுகளில் கேசியோ அதைச் சாமானியர் மடிக்குக் கொண்டுவந்தது. அப்போது நடந்த ஒன்றை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிரோகோ ஒகுதா என்ற இளம்பெண் இசைக் கல்லூரி முடித்து 1980-இல் கேசியோவில் சேர்ந்தார். ரெக்கே இசையை ஊன்றிப் படித்தவர். எம்டி 40 என்ற சிறு கீபோர்டுக்குத் தாளங்கள் அமைக்கும் வேலை அவருக்கு வந்தது. அதில் 'ராக்' என்ற பொத்தானுக்கு அவர் அமைத்த பேஸ் ஓட்டத்தை ஜமைக்காவில் சில இளைஞர்கள் கண்டெடுத்தார்கள். 1985-இல் வெய்ன் ஸ்மித் பாடி, கிங் ஜாமி தயாரித்த 'அண்டர் மி ஸ்லெங் டெங்' அந்தப் பொத்தானின் மேல் கட்டிய பாட்டு. ஜமைக்க இசை அதிலிருந்து கணினித் தாளத்துக்குத் திரும்பியது. பெட்டிக்குள் இருக்கும் ஒரு ஸ்டைல் ஒரு நாட்டின் இசையையே திருப்பிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த ஸ்டைலுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் படிப்பும் காதும் இருந்தன என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

மறுபடியும் மார்க்கே

1983-இல் மிடி வந்தது. போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும்படி ககேஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கிய பொது மொழி அது. 2013-இல் இருவருக்கும் அதற்காகத் தொழில்நுட்பக் கிராமி விருது கொடுத்தார்கள். என் கட்டுரையின் முடிவு இந்த மிடியில்தான் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

அரேஞ்சர் செய்ய வேண்டும் என்று வந்தபோது ஜப்பானிய நிறுவனங்கள் தேடிப்போனது அக்கார்டியன் ஊரை. ரோலண்ட் மார்க்கேயின் அக்வாவிவா பிச்சேனாவில் ஒரு இத்தாலிய ஆலையை வாங்கி, அங்கிருந்து 1988-இல் ஈ 20-ஐக் கொண்டுவந்தது. கோர்க் 1993-இல் ஐ 3 வெளியிட்டது. பிறகு காஸ்டெல்பிதார்தோவின் அண்டை ஊரான ஓசிமோவில் உள்ள அதன் இத்தாலியக் கிளையில் பிஏ வரிசை உருவாயிற்று. அருகே அங்கோனாவில் கேட்ரான். அறுபதுகளில் கம்போ ஆர்கன் செய்து உலகமெங்கும் அனுப்பிய ஃபார்பிசாவும் அந்த வட்டாரம்தான். துருத்தி தைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மைக்ரோசிப் வைத்துத் தைத்தார்கள். ஐரோப்பியக் கல்யாண வீட்டில் தனி ஆளாக இரவு முழுக்க வாசிப்பவனுக்கு என்ன தேவை என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

யமஹா ஹமாமட்சுவிலிருந்தே வந்தது. 1999-இல் பிஎஸ்ஆர் 9000, 2002-இல் டைரோஸ், 2005, 2008, 2010, 2013 என்று அடுத்தடுத்து ஐந்து டைரோஸ்கள், 2017-இல் ஜெனோஸ். மட்சுஷிடா நிறுவனத்தின் டெக்னிக்ஸ் பெயரில் கேஎன் வரிசை வந்தது. 2002-இன் கேஎன் 7000-ஐ வைத்திருந்தவர்கள் அதன் ஒலியை இன்றும் புகழ்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். டெக்னிக்ஸ் கீபோர்டு செய்வதையே விட்டுவிட்டது. இத்தாலியின் ஜெனரல்மியூசிக் மூடிப்போயிற்று. ரோலண்ட் தன் இத்தாலிய ஆலையை 2013-இல் மூடியது, அதன் பெரிய அரேஞ்சர் வரிசை அதோடு நின்றது. ஒரு வீடு மூடும்போது பெட்டிகள் மட்டும் அநாதையாவதில்லை. அந்தப் பெட்டிக்குள் வாசிப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஸ்டைல்களும் திருத்திய டோன்களும் அநாதையாகின்றன. ஐரோப்பாவில் எத்தனையோ கல்யாணக் கலைஞர்களின் உழைப்பு இன்று யாரும் திறக்காத பிளாப்பிகளில் கிடக்கிறது. விலை உயர்ந்த பெட்டி வாங்கப் போகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நான் போட்ட உழைப்பு இந்தப் பெட்டியைத் தாண்டி உயிரோடிருக்குமா?

எங்கள் மேடை

நான் சிறுவனாகப் பார்த்த மெல்லிசை மேடைகளில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கம்போ ஆர்கன், அக்கார்டியன், வயலின்கள், லீட் கிட்டார், பேஸ் கிட்டார், தபலா, டோலக், டிரம்ஸ், காங்கோ. விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டுக்கு அக்கார்டியன் இல்லாமல் மேடையேறினால் கேட்பவர்கள் ஒப்பமாட்டார்கள். வாத்தியம் என்பது ஒரு குடும்பத்துக்குச் சோறு. ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அவர் வீடு நடந்தது. அந்த வீட்டுப் பையன் கீபோர்டு வாசிக்கப் போய்ப் பின்னால் ஏ.ஆர். ரஹ்மான் ஆனார் என்பது எல்லாரும் அறிந்தது.

அரேஞ்சர் வந்ததும் மேடை சுருங்கியது. முதலில் பேஸ் கிட்டார்காரர் போனார். பிறகு டிரம்ஸ் போய் ஒரு பேட் வந்தது. பட்ஜெட் குறைவான கொடைக்கு இன்று ஒரு கீபோர்டு, ஒரு பேட், இரண்டு பாடகர்கள் போதும் என்கிறார்கள். இந்தச் சுருக்கத்தால் பிழைத்தவர்களில் நானும் ஒருவன். சைடுமேன் வந்தபோது அமெரிக்க வாத்தியக்காரர்கள் அதை எதிர்த்தார்கள் என்று படித்தபோது, அவர்கள் பயம் எனக்கு முழுதாகப் புரிந்தது. அதற்கு நான் தரக்கூடிய பதில் ஒன்றுதான். பெட்டிக்குள் போகிற தாளம் நம் ஊர்க் கலைஞர் கையிலிருந்து போக வேண்டும், அவருக்குக் கூலியும் பெயரும் போய்ச் சேர வேண்டும்.

பெட்டியோடு வரும் ஸ்டைல்களில் சாம்பா உண்டு, ஃபாக்ஸ்ட்ராட் உண்டு, ஜெர்மன் ஷ்லாகர் உண்டு. நையாண்டி மேளம் கிடையாது. இந்தியச் சந்தையை எண்ணி யமஹா பிஎஸ்ஆர் ஐ வரிசையைத் தபலா, தம்புரா சகிதம் கொண்டுவந்தது. 2019 முதல் சென்னைக்கு அருகே அதன் ஆலையும் இயங்குகிறது. நல்ல காரியம். ஆனாலும் தெம்மாங்கின் ஆறெட்டு நடையையும் மிஸ்ர சாப்பில் அமைந்த கீர்த்தனையையும் எங்களைப் போன்றவர்கள்தான் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் அப்படித்தான் செய்தேன். பாளையங்கோட்டைப் பக்கத்துத் தவில்காரர் ஒருவரை உட்காரவைத்து, தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, டைரோஸ் 4-இன் நினைவகத்தில் ஏற்றினேன். தகிட தகதிமி என்று ஏழு எண்ணிக்கையில் ஒவ்வொரு அடியையும் அவர் வாசித்தபடியே வைத்தேன்.

அந்த வேலையில்தான் இந்தக் கருவியின் மனம் தெரிந்தது. யமஹாவில் புது ஸ்டைல் அமைக்கும்போது பேஸையும் கிட்டாரையும் சி மேஜர் செவன்த் கார்டில் வாசித்துப் பதிவு செய்வதுதான் வழக்கம். நாம் மேடையில் எந்தக் கார்டைப் பிடித்தாலும் பெட்டி தன் விதிப்படி அந்த ஸ்வரங்களை நகர்த்திக்கொள்ளும். மேற்கத்தியப் பாட்டுக்கு இது அற்புதமான ஏற்பாடு. கீர்த்தனைக்கு வந்தால், ராகத்தில் இல்லாத ஸ்வரத்தில் பேஸ் போய் நிற்கும். அதனால் என் கீர்த்தனை ஸ்டைல்களில் பேஸுக்கு ஆதார ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, யமஹாவில் பில் என்றால் ஒரே ஆவர்த்தம்தான். மூன்று முறை சொல்லி முடிக்கும் தீர்மானம் ஒரு ஆவர்த்தத்துக்குள் அடங்காது. அதை இன்றும் பேட் தம்பிதான் கையால் வாசிக்கிறான். அது அவனுக்கு உரிய இடம் என்றே விட்டிருக்கிறேன்.

இரண்டு வீடுகள்

இந்த வரலாற்றோடு இரண்டு பெட்டிகளின் முன்னும் உட்கார்ந்தபோது கேட்டது வேறாக இருந்தது.

கோர்க்கில் மேடைக்காரனின் அவசரம் தெரிகிறது. டோனைப் பெட்டியிலேயே திறந்து அடிவரை திருத்தலாம். அரபு மேடைகளுக்காகக் கால் ஸ்வரங்களை நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்கும் வசதியைப் பிஏ வரிசை தொடக்கக் காலத்திலிருந்தே பேணி வந்தது. மேற்காசியக் கல்யாண வீடுகள் இந்த வரிசையைத் தங்கள் வாத்தியமாகவே ஆக்கிக்கொண்டதற்கு அது ஒரு பெரிய காரணம். ஒரு மக்களின் சுருதிக்கு மரியாதை கொடுத்த வாத்தியத்தை அந்த மக்கள் கைவிடுவதில்லை. 61, 76, 88 கட்டைகள் என்று மூன்று அளவில் பிஏ 5எக்ஸ் கிடைப்பதும் வசதி. டிரம்ஸின் அடி, கொடை மேடைக்கு வேண்டிய கனத்தோடு வருகிறது.

ஜெனோஸ் 2-இல் அந்த ஆர்கன்காரரின் சுருதிப் பிடிவாதம் தெரிகிறது. வயலினில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும்போது நடுவில் வில்லின் உரசல் கேட்கிறது. டைரோஸ் 2-இல் தொடங்கி வளர்ந்த முறை அது: நாம் வாசிக்கும் விதத்தைக் கவனித்து அதற்கேற்ற ஒலியைப் பெட்டி எடுத்துக்கொடுக்கும். எண்பதுகளின் எஃப்எம் ஒலியை இதில் மறுபடி சேர்த்திருக்கிறார்கள். இளையராஜாவின் அந்தக் காலப் பாட்டுகளை வாசிக்கும்போது அதன் அருமை தெரிகிறது. 76 கட்டைகள். பாமாலைக்கு இரண்டு கையாலும் நான்கு குரல் வாசிக்கும் எனக்கு என் பெட்டியின் 61 கட்டைகள் எப்போதுமே நெருக்கடிதான். மறுபக்கம், சொந்த ஒலிகளை ஏற்ற வேண்டுமானால் கணினியில் தனி மென்பொருளைத் திறந்தாக வேண்டும். உள்ளே ஸ்பீக்கரும் கிடையாது, தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கமகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலை. கார்டைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாலும் ஸ்டைல் அதே கார்டில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இடக்கை ஜாய்ஸ்டிக்குக்குப் போய் வலக்கையின் ஸ்வரத்தை அசைக்கும். காம்போதியின் பெரிய அசைவுகளுக்கு இது போதாது. திரைப்பாட்டுக்கும் கீர்த்தனைக்கும் பழகிய கைக்குப் போதும். அக்கார்டியன்காரனுக்கு இந்த விடுதலை கிடைத்ததில்லை. அவன் இடக்கை துருத்தியோடு கட்டுண்டே கிடந்தது.

ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் கொடை இரவுக்குக் கோர்க், ஞாயிறு காலைக்கு யமஹா என்பேன். ஆனால் டெக்னிக்ஸ்காரர்களின் கதையைப் படித்தவன் ஒலியோடு நிற்க முடியாது. தவில்காரர் வாசித்ததும் நான் அமைத்ததும் எங்கே போகும் என்று பார்த்தேன். யமஹாவின் ஸ்டைல் கோப்பை உள்ளே திறந்து பார்த்தால், அது ஒரு மிடி கோப்பு. எந்தக் கார்டுக்கு எந்த ஸ்வரம் எப்படி நகர வேண்டும் என்ற குறிப்பு மட்டும் அதன் வாலில் ஒட்டியிருக்கிறது. பழைய டைரோஸின் ஸ்டைல்கள் ஜெனோஸில் ஓடுகின்றன. கோர்க்கும் மிடி கோப்பிலிருந்து ஸ்டைல் அமைத்துக்கொள்ளும், நகர்த்தும் விதிகளை மட்டும் புதிதாக எழுத வேண்டும். 1983-இல் போட்டியாளர்கள் உட்கார்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் இன்று பாளையங்கோட்டையில் பதிவான மிஸ்ர சாப்பைக் காப்பாற்றுகிறது. தனி நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டியது அந்த நிறுவனத்தோடு போகும், பொது மொழியில் எழுதியது நிற்கும்.

என் முடிவு ஜெனோஸ் 2. ஞாயிறுதோறும் சபையாரைச் சுருதியில் நிறுத்துவது என் முதல் கடமை. அதற்கு 76 கட்டைகளும் அந்த ஆர்கன் ஒலிகளும் வேண்டும். ஸ்டைல்களும் மாறாமல் வந்து சேரும். கொடை மேடையை மட்டுமே நம்பியிருக்கும் ஒருவர் இதே வரலாற்றைப் படித்துவிட்டுக் கோர்க்குக்குப் போனால் அவர் முடிவும் சரியே. பேட் தம்பியிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்.

எதற்குப் போனாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் அமைத்த ஒவ்வொரு தாளத்தையும் மிடி கோப்பாகவும், பதிவுசெய்த ஒவ்வொரு ஒலியையும் சாதாரண வேவ் கோப்பாகவும் பெட்டிக்கு வெளியே எடுத்துவையுங்கள். நம் தொழிலில் ஸ்டைல்கள் பென்டிரைவ் பென்டிரைவாகக் கை மாறுகின்றன. 'தமிழ் ஃபோக் 3', 'கும்மி நியூ' என்று பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் இருக்காது. ஒசனாயின் பெயரும் ஒகுதாவின் பெயரும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், யாரோ அதை எழுதி வைத்ததுதான். நம் தவில்காரர், உறுமிக்காரர், பம்பைக்காரர் பெயர்களையும் நாம் எழுதி வைக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே கலைஞர் பெயர், ஊர், தாளம், பதிவான ஆண்டு நான்கும் இருக்கட்டும். அந்த ஸ்டைலை விற்றால் அவருக்கு ஒரு பங்கு போகட்டும். என் கோப்புகளுக்கு அந்த நான்கையும் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பங்கு அந்தத் தவில்காரருக்குப் போயாயிற்று.